கீரைக்கட்டில் நத்தை, மூளையில் புழு: உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வடசென்னையில் இரண்டு ஊர்ந்து வரும். ஒன்று, காம்பவுண்டு சுவரில் ஏறும் நத்தை. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ஏறும் செய்தி: நத்தை ஊர்ந்த கீரையைத் தின்றால் மூளைக்குள் புழு போகும், நத்தையைத் தொட்டாலே மூளைக்காய்ச்சல் வரும், முட்டைக்கோஸுக்குள் பிறக்கும் புழு வேகவைத்தாலும் சாகாது.

இந்த மூன்றில் ஒன்றில் மட்டும் பாதி உண்மை உண்டு. நத்தை வழியாக மனித மூளைக்குப் போகும் புழு இருக்கிறது. ஆனால் அது சமைத்த கீரையில் வருவதில்லை, தொட்டதால் மட்டும் வருவதில்லை. பச்சையாக உள்ளே போகும் நத்தைதான் சிக்கல். அதிலும் கண்ணுக்குத் தப்பும் குட்டி நத்தை. ஆகவே கீரைக் கடையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். வீட்டில் எதையெல்லாம் பச்சையாகச் சாப்பிடுகிறோம் என்று கணக்குப் பார்த்தால் போதும்.

எந்தப் புழு இது

இதன் பெயர் எலி நுரையீரல் புழு. அறிவியல் பெயர் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ். 1935இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். மனிதருக்கு வந்த முதல் நோய் 1945இல் தைவானில் பதிவானது. 2008 வரை உலகெங்கும் மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகள் சுமார் 2,800 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தாய்லாந்துக்காரர்கள். அங்கே நன்னீர் நத்தையைப் பச்சையாக நறுக்கி, காரம் புளிப்பு சேர்த்துத் தின்னும் வழக்கம் இருப்பதே காரணம்.

முட்டைக்கோஸ் செய்தியில் வருவது வேறு புழு. அது பன்றி நாடாப்புழு. நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் கலந்த நீரோ மண்ணோ காய்கறியில் பட்டால், அதன் முட்டைகள் நம் வயிற்றுக்குள் போய், மூளையில் சிறு கட்டிகளாகத் தங்கலாம். பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படும். முட்டைக்கோஸுக்குள் அது பிறப்பதில்லை, வேகவைத்தால் சாகவும் சாகும். இரண்டு புழுக்களும் மூளையைத் தொடுவதால் ஒரே செய்தியில் ஒட்டவைத்துவிட்டார்கள். நோய் வேறு, மருத்துவமும் வேறு.

எலியிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து எலிக்கு

இந்தச் சுற்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1. வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. பெண் புழு 3 செ.மீ. நீளம் வரை வளரும். அது இடும் முட்டைகள் நுரையீரலிலேயே பொரிகின்றன.

2. பொரிந்த இளம்புழுக்கள் எலியின் மூச்சுக்குழாய் வழியாக மேலேறித் தொண்டைக்கு வருகின்றன. எலி அவற்றை விழுங்க, புழுக்கையோடு வெளியேறுகின்றன.

3. அந்தப் புழுக்கையை நத்தையோ ஓடில்லா நத்தையோ தின்கிறது. நத்தையின் தசைக்குள் இளம்புழு இருமுறை தோலுரித்து, இரண்டு மூன்று வாரங்களில் மூன்றாம் நிலையை அடைகிறது. நோய் தரக்கூடியது இந்த நிலை மட்டும்தான். இதன் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஒரே நத்தையில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

4. எலி அந்த நத்தையைத் தின்றால், இளம்புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. அங்கே சில வாரம் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு இறங்கிவிடுகிறது. சுற்று முடிந்தது.

5. எலிக்குப் பதில் மனிதர் விழுங்கினாலும் புழு மூளை வரைக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதற்கு மேல் வழி தெரிவதில்லை. பெரும்பாலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறைகளில் அலைந்து அங்கேயே செத்துப்போகிறது. நடமாடும் புழுவும் செத்த புழுவும் கிளப்பும் அழற்சிதான் நோய்.

மனித உடலில் இந்தப் புழு முட்டையிடும் பருவத்துக்கு வருவதில்லை. அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மலப் பரிசோதனையில் பிடிபடவும் செய்யாது. வயிற்றில் பெருகவும் வழியில்லை. எத்தனை உயிருள்ள புழுக்களை விழுங்கினோமோ அத்தனைதான். எனவே நோயின் கடுமையைப் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

நத்தை ஊர்ந்த தடத்தில் எவ்வளவு ஆபத்து

செய்திகள் மிகைப்படுத்துவது இங்கேதான். நத்தை விட்டுச்செல்லும் பளபளப்பான சளியில் இளம்புழு இருக்கலாம். ஆனால் நத்தையின் உடம்புக்குள் இருப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். காய்ந்த தடம் இன்னும் குறைவான ஆபத்து, ஏனெனில் இந்தப் புழு ஈரம் இல்லாமல் நீடிக்காது. ஆபத்தை வரிசைப்படுத்தினால்: நத்தையைப் பச்சையாக, முழுதாகவோ துண்டாகவோ விழுங்குவது முதலிடம். நத்தை விழுந்து செத்த தண்ணீர் அடுத்து. ஈரச்சளி அதற்கும் வெகு கீழே.

"நான் எதற்கு நத்தையைத் தின்னப் போகிறேன்?" என்று தோன்றும். நாம் அஞ்ச வேண்டியது உள்ளங்கை நீளம் வளரும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை அல்ல. அது எவர் கண்ணிலும் படும். அதன் குஞ்சும், ஓடில்லா நத்தையின் குஞ்சும் சில மில்லிமீட்டர்தான். புதினாக் கொத்தின் கணுவில், கொத்தமல்லி வேர்ப்பிடியில், முட்டைக்கோஸின் வெளியிதழ் மடிப்பில் மண் துணுக்குபோல ஒட்டிக்கிடக்கும். இரவு விளக்கில் நறுக்குகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

இப்படி நடந்ததற்குப் பதிவுகள் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜமைக்காவுக்குச் சென்றுவந்த 23 அமெரிக்க மருத்துவ மாணவர்களில் 12 பேருக்கு இந்த மூளை உறை அழற்சி வந்தது. விசாரணையில் அவர்கள் சாப்பிட்ட பச்சைக்கீரை சாலட் மீது சந்தேகம் விழுந்தது. 2001இல் தெற்குத் தைவானில் பச்சைக் காய்கறிச் சாறு குடித்தவர்களுக்கு வந்தது. 2006இல் பெய்ஜிங்கில் உணவகம் ஒன்றில் சரியாக வேகாத நத்தை தின்ற 160 பேருக்கு வந்தது. மூன்றிலும் குற்றவாளி ஒன்றுதான்: போதிய சூடு படாத உணவு.

வடசென்னையில் இந்தச் சுற்றுக்கு என்ன வாய்ப்பு

மூன்று பொருள் கூட வேண்டும்: எலி, நத்தை, ஈரம். இங்கே எதற்கும் பஞ்சமில்லை.

சாக்கடை எலியும் வீட்டெலியும் இந்தப் புழுவின் முதன்மை வீடுகள். பெருச்சாளி இனத்திலும் இது பதிவாகியிருக்கிறது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் குப்பையும் எலி வளையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைநீர் தேங்கினால் வளை நிரம்பி எலி மேட்டுக்கு ஏறும். அதே மழையில் நத்தையும் மேட்டுக்கு ஏறும். இரண்டும் சேரும் இடம் பெரும்பாலும் வீட்டுப் படிக்கட்டு அடி, தொட்டிச் செடி வரிசை, சம்ப் மூடியைச் சுற்றிய ஈரத் தரை.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது நாடு முழுக்கப் பரவியது. ஒரு நத்தையிலேயே ஆண், பெண் இரு உறுப்புகளும் உண்டு. ஒரு தடவைக்கு 200 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கும். முதல் நல்ல மழையில் வெளியே வரும். ஓடு வளர சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்பதால் சிமென்ட் பூச்சையும் சுண்ணாம்புச் சுவரையும் சுரண்டித் தின்னும். பழைய வீடுகளின் சுவரில் அது குவிவதற்கு அதுவே காரணம். சுவர் ஈரம் மட்டுமல்ல.

இருந்தாலும் அளவறிந்து பேச வேண்டும். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், இந்த நோய் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அரிய நோய்தான். கழுவாத கீரை மூலம் வரும் டைபாய்டு, மஞ்சள் காமாலை, அமீபா வயிற்றுப்போக்கு ஆகியவை இதைவிடப் பல மடங்கு சாதாரணம். நத்தைக்காகக் கீரையை ஒழுங்காகக் கழுவினால் இவையும் குறையும் என்பதுதான் இந்தப் பயத்தால் கிடைக்கக்கூடிய லாபம்.

எந்தப் பண்டம் பாதுகாப்பு, எது இல்லை

இந்தப் புழுவின் பெரிய பலவீனம் சூடு. உள்வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு 15 விநாடி எட்டினால் செத்துவிடும். நத்தை, நண்டு, இறால் போன்ற தடித்த சதைக்குக் கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. நம் சமையல் பெரும்பாலும் இதைத் தாண்டியே போகிறது. ஆகவே:

- கீரை மசியல், கூட்டு, பொரியல், சாம்பார்: கவலையே வேண்டாம். கீரை வெந்து கொதித்த பிறகு எந்த நத்தைப்புழுவும் மிஞ்சாது.

- வீட்டில் எண்ணெயில் வதக்கி அரைக்கும் புதினாத் துவையல்: நன்றாகச் சுருள வதக்கியிருந்தால் பாதுகாப்பு.

- வதக்காமல் அரைக்கும் பச்சைச் சட்னி, பானிபூரித் தண்ணீர், தயிர்ப் பச்சடியில் தூவும் இலை: சூடே படாதவை. முழுப் பாதுகாப்பும் கழுவுவதில்தான் இருக்கிறது. மிக்ஸியில் அரைத்தால் புழு செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அரை மில்லிமீட்டர் புழு பிளேடுக்குத் தப்பும். நத்தை நசுங்குவதால் உள்ளே இருந்த புழு சட்னி முழுக்கக் கலக்கும்.

- ரசத்திலும் பிரியாணியிலும் கடைசியில் தூவும் கொத்தமல்லி: மேலே கிடக்கும் இலைக்குச் சூடு சீராக எட்டாது. ரசம் நுரை கட்டும்போதே இலையைப் போட்டு, கிளறி இறக்கினால் போதும். வாசனை சற்றுக் குறையும் என்பது உண்மைதான். இலையைத் தனித்தனியாகக் கழுவியவர் பழையபடியே தூவிக்கொள்ளலாம்.

- அத்தோ: பீச் ஸ்டேஷன் பக்கமும் வியாசர்பாடியிலும் மாலையில் கூட்டம் கூடும் இந்தப் பர்மா நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சையாகவே கலக்கப்படுகின்றன. இறுக்கமான உள்ளிதழ்களுக்குள் நத்தை போவது அரிது. வெளியிதழ்தான் அதன் இடம். வெளியிதழ் மூன்றையும் உரித்தெறிந்து, தலையைக் கழுவிய பிறகு சீவுகிற கடையில் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

- அருகம்புல் சாறு, வல்லாரைச் சாறு, கரிசலாங்கண்ணிச் சாறு: பட்டியலில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது இதைத்தான். மூன்றும் ஈரத்தரையை ஒட்டிப் படரும் செடிகள். நத்தைக்கும் எலிக்கும் நடைபாதை. கை நிறைய அள்ளி அரைத்து, கொதிக்க வைக்காமல் வடிகட்டிக் குடிப்பது வழக்கம். சாதாரண வடிகட்டியின் கண்ணுக்குள் புழு எளிதாகப் புகுந்து வந்துவிடும். தைவானில் நடந்ததும் இதே வகைதான். நினைவாற்றலுக்கென்று குழந்தைக்குப் பச்சை வல்லாரை கொடுப்பவர்கள், ஆவி பறக்க வேகவைத்துத் துவையலாகக் கொடுக்கலாம்.

கழுவுவதில் எங்கே தவறு நடக்கிறது

கட்டைப் பிரிக்காமல் குழாயடியில் காட்டி எடுப்பதும், பாத்திரத்தில் ஊறவைத்துவிட்டு அப்படியே சாய்த்து வடிப்பதும்தான் பரவலான தவறுகள். இரண்டாவதில், அடியில் தங்கிய மண்ணும் நத்தையும் இலைமேலேயே திரும்பக் கொட்டுகின்றன. சரியான முறை:

1. கட்டின் நூலை அறுத்து, வேர்ப்பகுதியை இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டி எறியுங்கள். ஓட்டை விழுந்த இலை, வழுவழுப்புப் படிந்த இலை இரண்டையும் தனியே ஒதுக்குங்கள். பச்சையாகச் சாப்பிடப் போவதானால் அவை வேண்டாம்.

2. வெளிச்சத்தில் வைத்து, தண்டும் காம்பும் சேரும் கணுக்களையும் இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள். நத்தை அகப்பட்டால் ஸ்பூனால் எடுங்கள். அந்தக் கட்டைச் சமைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

3. அகன்ற அன்னக்கூடையிலோ குண்டானிலோ இலை மிதக்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கையால் அலசி, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு இலையை மேலிருந்து அள்ளி அடுத்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைச் சாய்க்காதீர்கள்.

4. இதை மூன்று தடவை செய்யுங்கள். மூன்றாவது தண்ணீரின் அடியில் மண் தெரிந்தால் நான்காவது தடவை.

5. பச்சையாகச் சாப்பிடும் இலை என்றால் கடைசியில் ஓடும் நீரில் இருபுறமும் விரலால் தேய்த்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒருவர் குடத்திலிருந்து சன்னமாக ஊற்ற, இன்னொருவர் தேய்க்கலாம்.

6. அலசிய நீரைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு, பாத்திரம், அரிவாள்மனை, பலகை, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைக்கும் பழக்கம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. காலிஃபிளவரில் இருக்கும் பச்சைப்புழு வெளியேற அது உதவும். நத்தைப்புழுவைக் கொல்ல அதை நம்ப முடியாது. வினிகர், எலுமிச்சை, கடையில் விற்கும் காய்கறிக் கழுவுநீர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சமையலறையில் நாம் ஊறவைக்கும் நேரத்தில் அவை இந்தப் புழுவைக் கொன்றுவிடும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: உப்பு பட்டதும் நத்தை சளியை அதிகமாகக் கக்கும். அதனால் முதலில் வெறும் தண்ணீரில் அலசி நத்தையை வெளியேற்றுங்கள். உப்பு வேண்டுமானால் பிறகு, அதற்குப் பின் மறுபடி நல்ல தண்ணீர்.

சம்ப்பும் தொட்டியும்

நத்தை தண்ணீரில் விழுந்து செத்தால், அதன் உடலிலிருந்து உயிருள்ள இளம்புழுக்கள் வெளியேறும். நீரில் பல நாள் உயிரோடும் இருக்கும். அவை மிதக்காமல் அடியில் தங்கும். மேலாகப் பார்த்துத் தண்ணீர் தெளிவு என்று முடிவு செய்வது இங்கே பலிக்காது. சம்ப் மூடி விளிம்பில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டையோ சிமென்டோ வைத்து அடையுங்கள். மாடித்தொட்டியின் வழிவுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். கொசுவுக்கும் அதுவே தடை. லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்து வைக்காதீர்கள். உள்ளே செத்த நத்தை கிடந்தால் நீரை முழுதும் வெளியேற்றி, அடியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். குடிக்கும் நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

நத்தைக்கறி, உடும்பு

மூலத்துக்கு நல்லது என்று நன்னீர் நத்தை வாங்கிச் சமைப்பவர்கள் வடசென்னையில் இருக்கிறார்கள். கொதிக்கும் நீரில் வேகவைத்து, ஓட்டிலிருந்து எடுத்து, கழுவி, மறுபடி குழம்பில் கொதிக்க வைக்கும் முறையில் ஆபத்து இல்லை. ஆபத்து சுத்தம் செய்யும் கட்டத்தில். பச்சை நத்தையை உடைத்த கையோடு வெங்காயம் நறுக்கக் கூடாது; முதலில் வேகவைத்து, பிறகு ஓட்டை நீக்குவதே சரி. காசிமேட்டில் வாங்கும் மீனும் கடல் நண்டும் இந்தக் கதைக்குள் வரவில்லை; எலிக் கழிவு சேரும் நிலத்து நத்தையும் நன்னீர் நத்தையும்தான் இந்தப் புழுவின் களம்.

உடும்பு வேறு விஷயம். நத்தையைத் தின்னும் உடும்பு, தவளை, நன்னீர் இறால் ஆகியவற்றின் உடலில் இளம்புழு வளராமல் காத்துக் கிடக்கும். ஆண்மை பெருகும், இளைப்பு போகும் என்று உடும்பின் நாக்கையும் ரத்தத்தையும் ஈரலையும் பச்சையாக விழுங்கியவர்களுக்கு இந்த மூளை உறை அழற்சி வந்தது தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறது. உடும்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

மாடித்தோட்டத்தில் நத்தையை ஒழிப்பது

பகலில் தேடினால் கிடைக்காது. இருட்டிய பிறகு டார்ச்சோடு போங்கள். ஈரச்சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் கழிவிலையோ பப்பாளி இலையோ வைத்து மூலையில் போட்டால், விடிவதற்குள் அடியில் கூடியிருக்கும். கையுறையோ, கையில் மாட்டிய பிளாஸ்டிக் பையோ இல்லாமல் எடுக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்த வாளியில் போட்டு மூடி வைத்து, செத்த பிறகு குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

காலால் நசுக்கி அங்கேயே விடுவது கெட்ட பழக்கம். எலிக்கு விருந்து வைத்ததுபோல ஆகும், சுற்று மறுபடி தொடங்கும். கால்வாயில் வீசினால் அது பக்கத்துத் தெருவில் கரையேறும். உப்பை நேரடியாகத் தொட்டிமண்ணில் தூவினால் நத்தையோடு செடியும் போகும். வாளித் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றக் கூடாது. தொட்டிகளைத் தரையோடு ஒட்டி வைக்காமல் செங்கல்மேல் ஏற்றினால் அடியில் காற்றோடி ஈரம் காயும். நத்தைக்கு ஒதுங்க இடமிருக்காது. எலிக்கு வைக்கும் பொறியும் இதே வேலையின் மறுபாதிதான். எலி குறையாமல் நத்தையை மட்டும் பொறுக்குவதால் பலன் பாதிதான்.

நோய் எப்படித் தெரியும்

விழுங்கியதிலிருந்து பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அறிகுறி தொடங்கும். சிலருக்கு ஆறு வாரம் வரை போகலாம். மாத்திரைக்கு அடங்காத கடும் தலைவலி முதலில் வரும். பிறகு கழுத்து விறைப்பு, வாந்தி, லேசான காய்ச்சல். இந்த நோய்க்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு: தோலில் எறும்பு ஊர்வது, குத்துவது, சட்டை உரசினாலே எரிவது. கை, கால், உடம்பு என்று அது இடம் மாறவும் செய்யும். சிலருக்குக் கண் பார்வை மங்கும், முகத்தின் ஒரு பக்கம் இழுக்கும். குழந்தைகளிடம் காய்ச்சல், வாந்தி, தூக்கக் கலக்கம் முன்னே நிற்கும். தலைவலி என்று சொல்லத் தெரியாத வயதில் இது எளிதில் தவறிப்போகும். தவழும் குழந்தை நத்தையை எடுத்து வாயில் போடுவது இந்த நோய் வரும் பழைய வழிகளில் ஒன்று.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். புழுக்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மயக்கநிலை, நிரந்தர நரம்புச் சேதம், மரணம் வரை போகலாம். ஆஸ்திரேலியாவில் 2010இல் பந்தயத்துக்காக ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர் 420 நாள் மயக்கத்தில் கிடந்து, எட்டு ஆண்டுக்குப் பின் 2018இல் இறந்தார். இங்கே சுற்றும் பல செய்திகளுக்கு மூலம் அந்தச் சம்பவம்தான். அவர் விழுங்கியது முழு நத்தை. கீரையில் பட்ட தடம் அல்ல.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது. ஸ்டான்லி போல நரம்பியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதுகுத் தண்டில் நீர் எடுப்பார்கள். இதற்குப் பலர் அஞ்சி மறுக்கிறார்கள். ஆனால் நோயைப் பிரித்தறிய அதுவே வழி. நீரை எடுப்பதால் மண்டைக்குள் அழுத்தம் தணிந்து தலைவலி குறைவதும் உண்டு.

அந்த நீரில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு தேடப்படும். ஒட்டுண்ணிக்கு எதிராகவும் ஒவ்வாமையிலும் பெருகும் அணு அது. ஆரோக்கியமான முதுகுத்தண்டு நீரில் அது இருக்காது. வெள்ளணுக்களில் 10 சதவீதத்துக்கு மேல் அதுவாக இருந்தால் இயோசினோஃபில் வகை மூளை உறை அழற்சி என்று முடிவாகும். சரியான சாயம் போட்டுப் பார்க்காவிட்டால் அது மற்ற வெள்ளணுவோடு கலந்து எண்ணப்பட்டுவிடும். காசநோய் மூளைக்காய்ச்சல் என்று தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நோயின் முதல் சில நாளில் அந்த அணு தென்படாமலும் போகலாம். அப்போது மறுபரிசோதனை தேவைப்படும். புழுவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் உண்டு. ஸ்கேன் இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

சிகிச்சையின் மையம் வலிநீக்கியும் ஸ்டீராய்டும். தாய்லாந்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இரண்டு வாரம் பிரெட்னிசோலோன் கொடுத்தவர்களுக்குத் தலைவலி தீரும் காலம் 13 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. ஆல்பெண்டசோல் என்ற பூச்சிமாத்திரையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. மூளைக்குள் பல புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் அழற்சி எகிறும் என்பது தயக்கத்துக்குக் காரணம். எனவே தலைவலி தொடங்கிய பிறகு மெடிக்கலில் தானாகப் பூச்சிமாத்திரை வாங்கிப் போடுவது கூடாது. அது நாடாப்புழுக் கட்டியாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நத்தையை விழுங்கியது அப்போதே தெரிந்துவிட்டால், குழந்தையாக இருந்தாலும் பெரியவராக இருந்தாலும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். தேதியைக் காலண்டரில் குறித்து, ஆறு வாரம் வரை கவனியுங்கள். இடையில் தலைவலியோ தோல் எரிச்சலோ வந்தால், "தலை வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எதைப் பச்சையாகச் சாப்பிட்டோம், வீட்டைச் சுற்றி நத்தையும் எலியும் உண்டா. அதைக் கேட்ட பிறகுதான் மருத்துவருக்கு இயோசினோஃபிலைத் தனியாக எண்ணச் சொல்லத் தோன்றும்.